காற்று எங்கே புகுந்தது?

மரம் அறுக்கும் மெஷின் ஒன்று நின்றுபோனால், அது ஏன் நின்றது என்பது பிஸ்டனிலேயே தெரிந்துவிடும். சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, புகை வெளியேறும் துவாரம் வழியாகப் பார்த்தால் போதும். அந்தப் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாக உரசல் கோடு விழுந்திருந்தால், உள்ளே போன கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டனைச் சுற்றி நாலு பக்கமும் ஒரேபோல் பிறாண்டியிருந்தால், ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். கார்புரேட்டர் பக்கம் மட்டும் பளபளப்புப் போய் மங்கலாகத் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டர் கிழிந்து மரத்தூள் உள்ளே போயிருக்கிறது.

இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளாதவர் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். மெஷின் ஓடும். கொஞ்ச நாளில் புதுப் பிஸ்டனும் அதே பக்கம் உரசி நிற்கும். குலசேகரத்தில் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த ஆசான் அடிக்கடி சொல்வார்: “செத்தது பிஸ்டன், கொன்னவன் வேற. அவனப் பிடிக்காம புதுசப் போடாத, மக்களே.” வித்துராவில் கடை போட்ட நாள் முதல் நான் செய்துவருவது பெரும்பாலும் அந்த வேலைதான்.

கேரளத்தில், நெடுமங்காட்டிலிருந்து சுள்ளிமானூர், தொளிக்கோடு வழியாகப் பொன்முடிக்குப் போகிற சாலையில் வித்துரா இருக்கிறது. அதைத் தாண்டிக் கல்லாறு. அதற்கு மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. ஒரு பக்கம் பேப்பாறை அணையும் காடும், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் ரப்பர். மலைமேல் போனக்காடு போன்ற தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. ஆகவே கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த எனக்கு இங்கே பேச்சில் சிரமம் இருந்ததில்லை. கடைக்கு வருகிறவர் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், நானும் அப்படியே.

இந்த ஊரில் மெஷின் வாளுக்குச் சோறு போடுவது ரப்பர் மரம். நட்டு ஏழெட்டு வருஷத்தில் பால் வெட்டத் தொடங்கினால், இருபத்தைந்து முப்பது வயதில் பால் குறைந்துவிடும். கடைசி ஓரிரு வருஷம் கடும்வெட்டு. பிறகு தோட்டத்தையே மொத்தமாக விலை பேசி ஒரு காண்ட்ராக்டர் எடுப்பார். தடி பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்கு லாரி ஏறும்; கிளை விறகுக்குப் போகும். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகத்தைத்தான் இந்தப் பக்கம் எல்லாரும் நட்டார்கள். ஒரே காலத்தில் நட்டதெல்லாம் ஒரே காலத்தில் முதிர்ந்து நிற்கும். அப்போது முறிப்பு வேலை குவியும், என் கடை வாசலில் மெஷின்களும் குவியும்.

அப்படி ஒரு சீசனில் வந்ததுதான் அந்த ஸ்டில் 070.

பழைய எஸ்டேட் ஒன்றின் ஸ்டோரில் கிடந்ததைத் தன் அப்பா விலைக்கு வாங்கினார் என்று சொன்னான் கொண்டுவந்த பையன். சாக்கில் சுற்றி, ஆட்டோவின் பின்சீட்டில் கிடத்தி எடுத்து வந்திருந்தான். செயின் ஓடுகிற பாரும் செயினும் இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் மெஷின் இது. 106 சிசி, பிஸ்டனின் விட்டம் 58 மில்லிமீட்டர். இன்று ரப்பர் முறிக்கிற சாதாரண மெஷின்களில் பல இதில் பாதி அளவுகூட வராது. வண்ணம் உதிர்ந்து, மக்னீசியம் உடம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வித்துராவில் இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. மூடி வைத்த மெஷின்கூட இந்த ஈரத்துக்குத் தப்பாது.

“அண்ணே, ரெண்டு தடவ பிஸ்டன் மாத்தியாச்சு. ஸ்டார்ட் ஆகும், நல்லா ஓடும், சூடானதும் தானா ரேஸ் ஆகி நின்னுடும்” என்றான்.

தானாக ரேஸ் ஆவது என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கையை விட்ட பிறகும் மெஷின் வேகம் இறங்காமல் அலறுகிறது என்றால், கார்புரேட்டர் வழியாக வராத காற்று எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அது எந்த வழி என்று கண்டுபிடிக்கிறவரை வேறு எதையும் தொடக்கூடாது.

இந்த மெஷினின் வம்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் கம்பெனி தொடங்கியபோது செய்தது மின்சாரத்தில் ஓடும் வாள். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். அடுத்த ஆண்டே எமில் லெர்ப் என்பவர் துரிஞ்சியா பகுதியில் டோல்மார் என்னும் மலையில் தன் பெட்ரோல் வாளை ஓட்டிக் காட்டினார். அதன் எடை 58 கிலோ. அந்த மலையின் பெயரே அவருடைய கம்பெனிக்கும் பெயரானது. ஒற்றை ஆள் தூக்குகிற மெஷின் பரவலாக வருவதற்கு இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. 1959-இல் ஸ்டில் கொண்டுவந்த ‘கோன்ட்ரா’ 12 கிலோ எடையில் 6 குதிரைசக்தி தந்தது. நடுவில் பல்சக்கரப் பெட்டி கிடையாது; கிராங்க் சுற்றுகிற வேகத்திலேயே செயினும் சுற்றும். அந்தக் கோன்ட்ரா வழியில் வந்ததுதான் 070. சின்ன மெஷின் மாதிரி வேகமாகக் கத்தாது, நிதானமாக உறுமும். ஆனால் வயதான அயனியையோ புளியையோ குறுக்கே அறுக்கும்போது மூச்சுத் திணறாது.

பையனை உட்காரவைத்து அவன் கண்முன்னாலேயே கழற்றினேன். வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். என்ன செய்தேன் என்று பிறகு விளக்க வேண்டியதில்லை. நினைத்தபடியே, எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்தான கோடுகள். ரிங் காடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சுவரில் அலுமினியம் இழுகி அப்பியிருந்தது.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். லாரி டியூபில் ஒரு துண்டு வெட்டி, சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைத்து முறுக்கினால் வெளியேறும் வழி அடைபடும். கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் இதேபோல் ரப்பரும், ஒரு நிப்பிள் வைத்த தகடும். அந்த நிப்பிளில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பல்பையும் மீட்டரையும் இணைத்துவிடுவேன். ஏற்றுகிற காற்று கிராங்க் கேஸ் முழுவதும் நிறையும். மீட்டரில் முள் 300-இல் நின்றால் கிட்டத்தட்ட 0.4 பார் அழுத்தம். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவ வேண்டியதுதான்: சிலிண்டர் அடியில் இருக்கும் கேஸ்கெட், கிராங்க் கேஸின் இரு பாதிகள் சேரும் இடம், பிளக் கழுத்து. எங்கே நுரை வருகிறதோ அங்கே ஓட்டை.

இந்த மெஷினில் நுரையே வரவில்லை. முள் அசையாமல் நின்றது.

பல மெக்கானிக்குகள் இந்த இடத்தில் கை கழுவிவிடுகிறார்கள். ஆனால் சோதனை பாதிதான் முடிந்திருக்கிறது. கிராங்கின் இரண்டு முனையிலும் ஆயில் சீல் இருக்கிறது. அதன் உதடு உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். உள்ளே அழுத்தம் கொடுத்தால் அந்த உதடு தண்டின்மேல் இன்னும் இறுக்கமாகப் பதிந்துவிடும். கெட்டுப்போன சீல்கூட நல்ல சீல் போல நடிக்கும். இன்ஜின் ஓடும்போதோ கிராங்க் கேஸில் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தமும் வரும், உறிஞ்சலும் வரும். உறிஞ்சும் நேரத்தில்தான் உதடு தளர்ந்து காற்றை உள்ளே விடும். ஆகவே காற்றை ஏற்றிப் பார்த்த பிறகு, காற்றை இழுத்தும் பார்க்க வேண்டும்.

கையால் அமுக்கி இழுக்கிற வேக்குவம் பம்ப், மீட்டரோடு, கார் வொர்க்‌ஷாப் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். அதை மாட்டி அரை பார் வரை இழுத்தேன். முள் நிற்கவில்லை, கண்ணெதிரே இறங்கியது. இரண்டு சீலில் எது என்று தெரிய ஒரு வழி உண்டு. கிளட்சையும் மேக்னட்டையும் கழற்றிவிட்டு, மறுபடி இழுத்து, ஒரு பக்கத்துச் சீலின் ஓரத்தில் ஆயில் கேனால் ஒரே ஒரு சொட்டு விடுவேன். கிளட்ச் பக்கம் விட்டபோது சொட்டு அப்படியே நின்றது. முள் அதே வேகத்தில் இறங்கியது. மேக்னட் பக்கம் விட்டதும் சொட்டு ஒரு நொடி மினுங்கிவிட்டு உள்ளே மறைந்தது. முள்ளும் நின்றது. ஆயில் வற்றியதும் மறுபடி இறங்கத் தொடங்கியது.

பையன் குனிந்து பார்த்தான். “இதுக்காண்ணே ரெண்டு பிஸ்டன் போச்சு?”

“இதுக்குத்தான், தம்பி.”

பழைய சீலை நெம்பி எடுத்து விரலால் வளைத்தேன். ரப்பர் வளையாமல் வெடித்தது. பல வருஷச் சூட்டில் இறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு சீலின் முகத்திலும் மூன்று எண் பொறித்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அந்த மூன்றும் பொருந்தினால் எந்த இன்ஜினுக்குச் செய்த சீலும் உட்காரும். பேரிங்கும் அப்படித்தான், அதன் ஓரத்திலுள்ள எண் உலகம் முழுவதும் ஒரே அளவைக் குறிக்கும். இந்த விவரம் தெரிந்தால், கம்பெனி ஸ்பேர் கிடைக்கவில்லை என்று எந்தப் பழைய மெஷினையும் இரும்புக் கடைக்குப் போட வேண்டியதில்லை. திருவனந்தபுரம் சாலை பஜாருக்கு பஸ் ஏறினால் போதும். ஆனால் சீல் வாங்கும்போது விட்டான் ரப்பரில் செய்ததாகக் கேட்டு வாங்குவேன். சாதாரண கறுப்புச் சீலைவிடச் சூட்டையும் இன்றைய பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். மாட்டும்போது தண்டில் இருக்கும் சாவிப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் சுற்றிவிட வேண்டும். சுற்றாவிட்டால் அந்தப் பள்ளத்தின் கூரான விளிம்பு புதுச் சீலின் உதட்டை மாட்டும்போதே கீறிவிடும்.

பேரிங் இரண்டையும் கையோடு மாற்றினேன். உடம்பை வெந்நீர்ப் பதத்துக்கு மேல் நன்றாகச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால், சுத்தியல் தொடாமல் தானே இறங்கி உட்காரும். இதை அடித்து இறக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

அடுத்து சிலிண்டர். அப்பியிருக்கிற அலுமினியத்தை எடுக்கப் பலரும் கக்கூஸ் கழுவுகிற ஆசிடை எடுத்துவிடுகிறார்கள். பழைய மெஷின்களின் சிலிண்டரில் பெரும்பாலும் குரோம் பூச்சு இருக்கும். அந்த ஆசிட் குரோமையும் தின்னும். நான் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, காது குடைகிற பஞ்சுக்குச்சியால் கறையின் மேல் மட்டும் தொடுவேன். அலுமினியம் கரையும்போது சாம்பல் நுரை பொங்கும். நுரை நின்றால் அங்கே அலுமினியம் தீர்ந்துவிட்டது, கீழே குரோம் வந்துவிட்டது என்று அர்த்தம். துடைத்து, கழுவி, மறுபடி தொட வேண்டும். துவாரங்களின் விளிம்பில் பூச்சில்லாத அலுமினியம் வெளியே தெரியும். அங்கே ஒரு துளி பட்டாலும் அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. முடிந்த பிறகு நகத்தை வைத்துச் சிலிண்டரை மேலும் கீழும் தடவினேன். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்கியிருப்பேன். வேறு மருந்து அதற்குக் கிடையாது.

070-க்குச் சீனாவில் செய்த நகல் பாகங்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. முழு மெஷினே நகலாக வருகிறது. அவற்றை நான் அடியோடு ஒதுக்குவதில்லை. கவர், கைப்பிடி, ஸ்டார்ட்டர் போன்றவை நகலாக இருந்தால் தவறில்லை. பிஸ்டன், ரிங், பின் கிளிப் இந்த மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் துவாரங்கள் இருப்பதால், ரிங்கின் வாய் அங்குமிங்கும் நகர்ந்து துவாரத்தில் மாட்டாமல் இருக்க, காடிக்குள் ஒரு சின்ன முள் வைத்திருப்பார்கள். அந்த முள் கழன்றாலோ, கிளிப் தெறித்தாலோ சிலிண்டர் அன்றோடு முடிந்தது.

கார்புரேட்டர் டில்லாட்சன் ஹெச்.எல். வகை. இதில் பைக் கார்புரேட்டர் மாதிரி மிதவை கிடையாது; மெல்லிய டயஃப்ரம் ஒன்று கிராங்க் கேஸின் துடிப்பை வாங்கிக்கொண்டு பெட்ரோலை இழுக்கும். இன்னொரு டயஃப்ரம் தேவையான அளவை அளந்து விடும். மெஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் பெட்ரோல் நிற்காமல் வருவது இதனால்தான். மரத்தைப் பக்கவாட்டில் படுக்கைவசமாக அறுக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த இரண்டு தோல் துண்டுகள். அவை விறைத்துப்போனால் மெஷின் காலையில் ஓடி மத்தியானம் நிற்கும்.

முன்பு டயஃப்ரம் பல வருஷம் தாங்கியது. இப்போது தாங்குவதில்லை. 2023 பிப்ரவரியில் வந்த இருபது சதவீத எத்தனால் பெட்ரோல்தான் இன்று எங்கும் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். நாம் கலந்த ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு போய்விடும். டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சுகிற மெஷினுக்கு அப்போது கிடைப்பது ஆயிலே இல்லாத திரவம். வித்துரா மாதிரி மழை ஊரில் இது ஏட்டுச் சங்கதி அல்ல. மழைக்காலம் முடிந்து வரும் மெஷின்களின் கார்புரேட்டரைத் திறந்தால் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பிடித்திருப்பதை நேரில் பார்க்கிறேன். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். நல்ல ஆயிலாக இருந்தால் இன்றைய மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி போதும். இந்த மாதிரிப் பழைய மெஷினுக்கு நான் 25 மில்லி சொல்வேன்.

இந்த மெஷினில் ஸ்பார்க்குக்குப் பாயிண்ட் இருந்தது. மேக்னட்டைக் கழற்றினால் உள்ளே சின்ன டப்பா மாதிரி ஒரு மூடி. அதற்குள் பாயிண்ட், பக்கத்தில் கண்டென்சர். பாயிண்டின் முகம் கருகியிருந்தால் ஸ்பார்க் மஞ்சளாகச் சாகும். மெல்லிய அரத்தால் முகத்தைத் தட்டையாக்கி, ஸ்பிரிட் தொட்ட தாளை இடையில் விட்டு இழுத்து, இடைவெளியை 0.3-லிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தேன். பாயிண்ட் திறக்கிற நொடியைப் பிடிக்க, மெல்லிய கண்ணாடித் தாளை அதில் கவ்வவிட்டு, மேக்னட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே லேசாக இழுப்பேன். தாள் எப்போது நழுவுகிறதோ அப்போது ஸ்பார்க். பழைய ஸ்கூட்டர் கண்டென்சர் ஒன்று பொருந்தியது.

செயின் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன். இன்ஜினை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் மரத்தைத் தொடுவது செயின்தான். ஆரம்ப காலச் செயின்களில் கைவாளின் பற்களையே வரிசையாகக் கோத்திருந்தார்கள். அவை மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும். 1946-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு மரக்கட்டைக்குள் வண்டுப்புழு ஒன்று அறுத்துக்கொண்டு போவதைக் கவனித்தார். நார் ஓடும் திசையிலும் சரி, குறுக்கிலும் சரி, அது சிரமமே இல்லாமல் போனது. அதன் இரண்டு தாடைகளும் வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கின. தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். தடிக்குள் கூன்வண்டுப் புழு கொறிக்கிற சத்தத்தைக் காது வைத்தே கேட்கலாம். காக்ஸ் அந்தத் தாடையின் வடிவத்தில் இடது பல், வலது பல் என்று செயின் செய்து, 1947-இல் போர்ட்லாண்டில் ஒரிகன் சா செயின் கம்பெனியைத் தொடங்கினார். இன்று உலகில் ஓடுகிற மெஷின் வாள்களில் சுற்றுவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் புழு காட்டிய வடிவம்தான்.

070-க்கு 0.404 அங்குலச் செயின் வரும். அதற்கு 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம். குறுக்கறுப்புக்குப் பல்லின் சாய்வு 30 டிகிரி. அதே மெஷினால் நீளவாக்கில் பலகை அறுக்க வேண்டுமென்றால் சாய்வைப் பத்து டிகிரிக்குக் குறைக்க வேண்டும். அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். இடது பற்கள் ஒரு நீளமும் வலது பற்கள் ஒரு நீளமுமாகப் போனால் வாள் மரத்துக்குள் வளைந்துபோகும். அப்புறம் பாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு பல்லுக்கு முன்னும் ஒரு கொம்பு இருக்கும், பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் அளக்கிறது. அதை அவசரத்தில் அதிகமாக ராவிவிட்டால் செயின் மரத்தைப் பிடித்து இழுக்கும், கை தாங்காது. கூர் சரியா என்று பார்க்கத் தரையைப் பார்த்தால் போதும். செதிளாக விழுந்தால் சரி, மாவாக விழுந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும்.

ரப்பர் முறிக்கிற செயினுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. பால் தெறித்து, மரத்தூளோடும் ஆயிலோடும் சேர்ந்து கிளட்ச் கவருக்குள் கறுப்பாக இறுகும். அதை வாரா வாரம் சுரண்டி எடுக்காவிட்டால் ஆயில் வரும் துவாரமே அடைத்துக்கொள்ளும்.

அந்த ஆயிலைப் பற்றி நான் சண்டை போடாத காண்ட்ராக்டர் இல்லை. வண்டியிலிருந்து வடித்த கரி ஆயிலைத்தான் செயினுக்கு ஊற்றுகிறார்கள், காசு மிச்சம். செயினில் போகிற ஆயில் ஒரு சொட்டுகூடத் திரும்பி வராது, முழுவதும் மண்ணுக்குத்தான் போகும். இங்கே மேட்டில் விழுகிற எதுவும் ஆற்றுக்குத்தான் வழியும். கரி ஆயிலில் இரும்புத் துகளும் புற்றுநோய் உண்டாக்கும் சங்கதிகளும் இருக்கின்றன. அது தெறித்து விழுவது வேலை செய்கிறவனின் கையிலும் முகத்திலும். பம்ப்பையும் அரித்துவிடும். பசைத்தன்மையுள்ள செயின் ஆயில் வாங்க வசதியில்லை என்றால், புது ஆயிலாகவாவது ஊற்றுங்கள் என்பேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

என் ஆசானின் விரல்களை நினைத்துக்கொண்டுதான் பழைய மெஷின்களை நான் திருப்பிக் கொடுக்கிறேன். அவர் இளவயதில் மலைத்தோட்டங்களில் இந்தமாதிரி அதிர்வு தாங்கி இல்லாத மெஷின்களை வருஷக்கணக்கில் பிடித்தவர். குளிர்காலக் காலையில் அவருடைய இரு கை விரல்களும் முனையிலிருந்து வெளுத்துப்போகும். அந்த நேரத்தில் நட்டை எடுத்துக் கொடுத்தால் விரலுக்கு அது தட்டுப்படாது. அதிர்வு ரத்தக்குழாய்களையும் நரம்பையும் கெடுப்பதால் வரும் நோய் இது, முற்றினால் திரும்பாது. ரப்பர் தாங்கிகள் வைத்து அதிர்வைக் குறைக்கிற மெஷின்கள் 1960-களில் வரத் தொடங்கின. செயினை நொடியில் நிறுத்தும் பிரேக் 1970-களில் வந்தது. இந்த 070-இல் இரண்டுமே இல்லை. பாரின் நுனியில் மேல்பாதி எதிலாவது மோதினால் வாள் துள்ளி முகத்துக்கு நேராக எழும்பும். இன்றைய மெஷினில் கையின் புறப்பக்கம் தடுப்பில் பட்டதும் செயின் நிற்கும், இதில் நிற்காது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்து போன பிறகு, குமரி மாவட்டத்தில் ரோடு முழுக்க மரம். ரப்பர் தோட்டங்கள் முறிந்து கிடந்தன. குலசேகரத்துப் பக்கமிருந்து என்னிடம் மெஷின்கள் வந்துகொண்டே இருந்தன. பாதிக்கு மேல் பார் வளைந்தவை. சாய்ந்து கிடக்கிற மரம் நிற்கிற மரம் மாதிரி அல்ல. எந்தப் பக்கம் முறுக்கு ஏறியிருக்கிறதோ அந்தப் பக்கம் வெட்டினால் தெறிக்கும், மறுபக்கம் வெட்டினால் வாளைக் கவ்வும். அதைக் கற்காதவன் கையில் பிரேக் இல்லாத மெஷினைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அன்றுமுதல் பழைய மெஷினை ஓடவைத்துக் கொடுக்கும்போது, அது என்ன வேலைக்குப் போகிறது என்று கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் கேட்பேன்: எங்கே போகிறது என்று. பேப்பாறை 1983-லிருந்து சரணாலயம். 1961-ஆம் ஆண்டுக் கேரள வனச் சட்டப்படி, காட்டு மரம் வெட்டிப் பிடிபட்டால் தடியோடு வாளும் வண்டியும் சேர்ந்து போகும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைக் கேட்பதில்லை. நூறு வருஷம் நின்ற மரத்தைச் சில நிமிஷத்தில் சாய்க்கிற பொருளை ஓடவைக்கிறவன் நான். அது காட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கும் பங்கு உண்டு. பதில் சரியில்லை என்றால் மெஷினைத் தொடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பையனின் அப்பா நேரில் வந்து பதில் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் அயனி ஒன்று மழையில் சாய்ந்து கிடக்கிறது. அதை அறுத்து மகளின் வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் செய்ய வேண்டும். மகனுடைய சின்ன மெஷின் அந்தத் தடிக்குப் பற்றாது. நிற்கிற மரத்தை இதனால் முறிக்க மாட்டேன், தரையில் கிடக்கும் தடியை மட்டும் அறுப்பேன் என்றார். அதற்கு நான் சம்மதித்தேன்.

எல்லாம் பூட்டிய பிறகு, மறுபடி காற்றை ஏற்றிப் பார்த்தேன், இழுத்தும் பார்த்தேன். முள் இரண்டு தடவையும் நின்றது. பிளக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தபோது முதலில் ஒரு இருமல், பிறகு அந்தக் கனத்த உறுமல். புது ரிங்குக்கு முதல் டேங்க் முழுவதும் நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். கார்புரேட்டரின் ஹை திருகாணியைக் கடையில் வைத்து இறுதி செய்வதில்லை. மரத்தில் வைத்துத்தான் செய்வேன். வெறுமனே முழு ரேஸ் கொடுக்கும்போது சத்தம் சுத்தமாக இருக்கக் கூடாது, கொஞ்சம் தடதடவென்று உடைய வேண்டும். வாளை மரத்தில் இறக்கிப் பாரம் ஏறியதும் அந்த உடைசல் மறைந்து ஒரே சீராக வர வேண்டும். வெறுமனே ஓடும்போதே சத்தம் சுத்தமாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. மூன்றாவது பிஸ்டனும் போகும். அவர்கள் வீட்டுக்கே போய், அந்த அயனித் தடியில் வாளை வைத்து, திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து, அந்தச் சத்தத்தை அப்பாவையும் மகனையும் கேட்கவைத்தேன். தடியிலிருந்து மஞ்சள் செதிள்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன.

கிளம்பும்போது நான்கு விஷயம் சொல்லி எழுதிக்கொடுத்தேன். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. பத்து நிமிஷம் அறுத்தால் கீழே வைத்துக் கையை உதறிக்கொள்ள வேண்டும். இடவப்பாதி தொடங்கும் முன் டேங்கைக் காலி செய்து, இருக்கிற பெட்ரோல் தீர்ந்து தானே நிற்கும்வரை ஓடவிட்டு, சமையலறையை ஒட்டிய காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சூடான பிறகு ரேஸ் இறங்கத் தாமதித்தால், அன்றைக்கே நிறுத்திவிட்டு என்னிடம் கொண்டுவர வேண்டும். கிளட்ச் பக்கத்துச் சீலை இந்தத் தடவை மாற்றவில்லை, அது இன்னும் நன்றாகவே இருந்தது.